பின்னிருக்கை ஏ.சி. ஏன் இரைகிறது?

(பத்தாம் வகுப்பு மாணவி)

“ஏ.சி. போட்டாச்சா?” கோடைக்காலத்தில் வண்டியில் ஏறியதும் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதற்கேள்வி இதுவே. எங்கள் வீட்டிலோ சென்ற கோடையில் இதற்கு நேர்மாறான குரல் எழுந்தது. “அந்த ஏ.சி.யை அமத்துங்கடி, தலை வலிக்குது!” என்று எங்கள் அப்பத்தா சொல்ல ஆரம்பித்தார்.

எங்களிடம் ஏழு பேர் அமரக்கூடிய எஸ்.யு.வி. வண்டி ஒன்று உண்டு. வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மாதம் ஒருமுறை அப்பத்தாவைக் கண் பரிசோதனைக்காகத் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு அதில் அழைத்துச் செல்வோம். ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தூரம். அம்மா வண்டியை ஓட்டுவார். அப்பத்தா நடு வரிசையில் ஜன்னலோரம் அமர்வார். அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் இருப்போம். அப்பத்தாவுக்குக் காது சற்று மந்தம். காது மிஷின் வைத்திருக்கிறார். அந்த மிஷினுக்குப் பேச்சொலி வேறு, இரைச்சல் வேறு என்று முழுவதும் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும். ஆகவே, பின்பக்க ஏ.சி. இரையத் தொடங்கியதும் அப்பத்தா மிஷினைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, மதுரை வரை ஊமைபோல் வருவார்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். மே மாதப் பயணத்தின்போது மருத்துவர் சொட்டு மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார். திரும்பி வருகையில் அம்மா வண்டி ஓட்டியபடியே அதை விளக்கினார். அப்பத்தாவும் தலையை ஆட்டினார். ஆனால் ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை! நான்கு நாட்கள் பழைய கணக்கிலேயே மருந்து விட்டுக்கொண்டார் என்பது பிறகுதான் தெரியவந்தது. அன்றுதான் அம்மா, “இந்தச் சத்தத்துக்கு ஒரு முடிவு கட்டணும்” என்றார்.

முதலில் ஒரு பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்தவர் ஏ.சி.யை ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, “பின்பக்க யூனிட்டையே மாற்ற வேண்டும், 32 ஆயிரம் ஆகும்” என்றார். பாகத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. அம்மா பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். பிறகு, எங்கள் தெருவிலேயே வசிக்கும் ஏ.சி. மெக்கானிக் மாமா ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னதையும், அவர் அருகில் நின்று நாங்கள் பார்த்ததையும் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில், பின்பக்க ஏ.சி. என்பது யாது? எல்லா வண்டிகளிலும் அது ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலவற்றில் முன்பக்கக் குளிர்காற்றே ஒரு குழாய் வழியாகப் பின்னால் வரும். சிலவற்றில் பின்னால் ஒரு விசிறி மட்டும் இருந்து, முன்னால் குளிர்ந்த காற்றை இழுத்துத் தள்ளும். எங்கள் வண்டியைப் போன்ற பெரிய வண்டிகள் சிலவற்றிலோ பின்னாலும் தனியே ஒரு கூலிங் காயில், ஒரு எக்ஸ்பேன்ஷன் வால்வ், ஒரு புளோயர் ஆகியவை உண்டு. கம்ப்ரசர் மட்டும் ஒன்றே. அது இஞ்சினோடு இருக்கிறது. அங்கிருந்து இரண்டு குழாய்கள் வண்டியின் அடிப்பாகம் வழியாகப் பின்னால் செல்கின்றன. கடைசி வரிசையின் இடப்பக்கச் சுவருக்குள் யூனிட் ஒளிந்திருக்கிறது. கீழேயுள்ள சல்லடைத் தட்டு வழியாக உள்காற்றை இழுத்து, குளிரவைத்து, கூரையிலுள்ள துவாரங்கள் வழியாக நம் தலைமீது விடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், கார் ஏ.சி.யின் வரலாறே பின்பக்கத்தில்தான் தொடங்கியது. 1939இல் சிகாகோ கண்காட்சியில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் காட்டிய காரில், குளிரூட்டும் பாகம் பின்னிருக்கைக்குப் பின்னால், சாமான் பெட்டியின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. அதை நிறுத்த விசை கிடையாதாம்! இஞ்சினை நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம். 1954இல் நாஷ் நிறுவனம்தான் எல்லாவற்றையும் முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டியது.

இனி, இரைச்சலுக்கு வருவோம். “சத்தம் வருதுன்னு சொன்னாப் போதாது பாப்பா. எந்தச் சத்தம், எப்ப வருதுன்னு சொல்லணும்” என்றார் மாமா. காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் மருத்துவர் மருந்து எழுதுவாரா? அதுபோலத்தான் இதுவும். அவர் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தச் சொன்னார். மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிட்டால் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதால் இந்த எச்சரிக்கை.

சாவியை ஒரு நிலை திருப்பி, இஞ்சினை இயக்காமலேயே பின்பக்கப் புளோயரை மட்டும் ஓடவிட்டோம். முதல் வேகத்தில் ‘டக்... டக்... டக்’ என்று கேட்டது. இரண்டாவது வேகத்தில் அது விரைவாயிற்று. மூன்றாவதில் எல்லாம் ஒன்றாகி ‘கர்ர்ர்’ என்ற உறுமலாகி, எங்கள் இருக்கையே அதிர்ந்தது. பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது. இஞ்சின் ஓடவில்லை, கம்ப்ரசர் ஓடவில்லை. எனவே இந்தச் சத்தம் புளோயரிலிருந்தே வரவேண்டும் அல்லவா? மாறாக, இஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் சத்தமானால் கம்ப்ரசரையோ பெல்ட்டையோ, அடியிலே ரப்பர் தேய்ந்து தகட்டில் மோதும் குழாயையோ சந்தேகிக்க வேண்டும். மேடு பள்ளத்தில் மட்டும் வருவது தளர்ந்த பிளாஸ்டிக் கிளிப்பாக இருக்கலாம். வளைவில் திரும்புகையில் ‘களக் களக்’ என்றால், தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம்.

சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க நாங்களும் ஓர் உபாயம் செய்தோம். ஓவியத்தாள் ஒன்றைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டோம். 1816இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் லென்னெக் இப்படித்தான் காகிதத்தைச் சுருட்டி ஒரு நோயாளியின் இதயத் துடிப்பைக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அதிலிருந்து பிறந்தது. மாமா முதலில் சிரித்தார். பிறகு, தாமும் ஒருமுறை வாங்கிக் கேட்டுப் பார்த்தார்!

சுவரைக் கழற்றுமுன் அவர் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிச் சற்று நேரம் காத்திருந்தார். இக்கால வண்டிகள் பலவற்றில் பக்கவாட்டிலும் உயிர்காக்கும் காற்றுப்பைகள் உண்டு. மஞ்சள் நிற இணைப்புகள் அவற்றைச் சேர்ந்தவை. தெரியாதவர் அவற்றைத் தொடவே கூடாது. ஆகவே இது நாம் வீட்டில் செய்துபார்க்கும் வேலை அன்று. கேட்டுப் பார்த்துச் சொல்வது நம் வேலை; கழற்றுவது அறிந்தவர் வேலை.

ஒருவழியாகப் புளோயர் வெளியே வந்தது. அணில் கூண்டு போன்ற ஒரு சக்கரம், அதைச் சுற்றிலும் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள். ஆனால் ஒரு பக்கத்துத் தகடுகளைக் காணவில்லை! தூசியும் தலைமுடியும் பென்சில் சீவலும் ஈரத்தில் குழைந்து அடைபோல் அப்பியிருந்தன. அந்த அடைக்குள் நிலக்கடலைத் தோல்கள். கூண்டின் அடியில் உருண்டு கிடந்தது ஒரு நீலப் பாசிமணி. அதைக் கண்டதும் தங்கை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். போன வருடம் அறுந்த மாலையின் மணி அது!

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மாதந்தோறும் மதுரைப் பயணத்தில் கடலை வாங்கித் தின்று, தோலை அந்தச் சல்லடைத் தட்டின் ஓரமாகப் போட்டது நாங்கள்தாம். காற்றை இழுக்கும் வாய் அது என்று எங்களுக்குத் தெரியாது. முன்பக்கத்தில் காற்றை வடிகட்டும் ஃபில்டர் இருக்கிறது. எங்கள் வண்டியின் பின்பக்கத்தில் அது இல்லை. வெறும் சல்லடை மட்டுமே. எனவே வாயில் போட்டதெல்லாம் வயிற்றுக்குப் போயிற்று.

‘டக் டக்’ என்றது பாசிமணி. உறுமியது அந்த அடை. இதில் நாம் படிக்கும் விஞ்ஞானம் இருக்கிறது. சுழலும் சக்கரத்தின் ஒரு பக்கம் பாரம் கூடினால், அது ஒவ்வொரு சுற்றிலும் அச்சை உலுக்கும். வேகம் இரு மடங்கானால் அந்த உலுக்கும் விசை நான்கு மடங்காகும். முதல் வேகத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது, மூன்றாவதில் இருக்கையையே ஆட்டியதன் காரணம் இதுவே. நல்ல நிலையிலுள்ள விசிறியும் கூட, வேகம் இரட்டித்தால் சுமார் 15 டெசிபல் அதிகமாக இரையும் என்பது பொறியாளர் கணக்கு. ஆகவே வண்டி குளிர்ந்தபின் ஒரு வேகம் குறைத்து வைப்பது காதுக்கு நல்லது. இன்னொன்று, கீழேயுள்ள சல்லடையைப் புத்தகப் பையால் அடைத்தாலும் காற்று முண்டியடித்து ‘ஹோ’வென்று இரையும். அந்தக் குற்றமும் எங்களுடையதே!

மாமா மோட்டாரின் அச்சைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று பொருளாம். நல்லவேளை, ஆடவில்லை. சக்கரத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தகடு தகடாகத் தேய்த்துக் கழுவினோம். அந்த வேலையை அம்மா எங்களுக்கே தண்டனையாகக் கொடுத்துவிட்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மீண்டும் பொருத்தி, இஞ்சினை இயக்கி, ஏ.சி.யைப் போட்டோம். உறுமல் போய்விட்டது. ஆனால், அதுவரை உறுமலுக்குள் மறைந்திருந்த வேறோர் ஒலி வெளிப்பட்டது. பாம்பு சீறுவதுபோல் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற ஒலி. புளோயரை நிறுத்தினாலும் நிற்கவில்லை. மாமாவின் முகம் மாறியது.

சீறியது எக்ஸ்பேன்ஷன் வால்வ். எங்கள் வண்டியில் இருப்பது ஆர்-134ஏ என்னும் வாயு. சாதாரண அழுத்தத்தில் இது பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கம்ப்ரசர் இதை அழுத்த, முன்னாலுள்ள கண்டென்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. பிறகு வால்வின் நுண்ணிய துளை வழியாகப் பாய்ந்து, அழுத்தம் குறைந்து, காயிலுக்குள் கொதித்து, சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. துளைக்குத் திரவம் மட்டுமே வந்தால் ஒலி அதிகம் இராது. ஏ.சி.யைப் போட்டவுடன் சிறிது நேரம் மெல்லச் சீறுவதும் இயல்பே. ஆனால் கேஸ் குறைந்துவிட்டால் திரவத்தோடு குமிழிகளும் கலந்து வந்து ஓயாமல் சீறும்.

“கொஞ்சம் கேஸ் ஏத்தி விட்டுருங்களேன்” என்றார் அம்மா. “எங்கேயோ ஒழுகுதுக்கா. அதைப் பார்க்காம ஏத்தினா, திரும்பவும் அது காத்துலதான் போகும்” என்றார் மாமா. இதில் நம் பணம் மட்டும் வீணாவதில்லை. முற்காலத்துக் கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுத்ததால், 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அது கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. அதையும் படிப்படியாகக் குறைப்பதென 2016இல் கிகாலி நகரில் உலக நாடுகள் முடிவு செய்தன. இந்தியா 2021இல் அதை ஏற்றுக்கொண்டது.

வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தபோது, பின்குழாயின் ஓர் இணைப்பில் மட்டும் தூசி எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியிருந்தது. வாயுவோடு கம்ப்ரசரின் எண்ணெயும் சிறிது சுற்றிவருவதால், ஒழுகும் இடத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. மறுநாள் மாமா தம் கடையில் மிச்சக் கேஸை இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்து, புது வளையம் மாட்டி, வாக்குவம் போட்டு ஈரத்தை நீக்கினார். ஈரம் இருந்தால் வால்வின் துளையில் பனியாக உறைந்து அடைத்துக்கொள்ளுமாம். பிறகு, பானெட்டின் கீழ் ஒட்டியிருந்த சீட்டில் குறித்துள்ள எடைப்படி தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்றினார். எல்லாம் சேர்ந்து மொத்தச் செலவு 3,400 ரூபாய்.

அடுத்த மாதம் மதுரைக்குப் புறப்பட்டோம். கொடைரோடு தாண்டும் வரை அப்பத்தா மிஷினைக் கழற்றவில்லை. வாடிப்பட்டி அருகில், “காலையில எத்தனை சொட்டு, ராத்திரி எத்தனை?” என்று தாமாகவே அம்மாவிடம் கேட்டு, பதிலை இரண்டு முறை திருப்பிச் சொல்லிக்கொண்டார். பிறகு, பின்னால் திரும்பி எங்களைப் பார்த்து, “ஆமா, கடலைத் தொலியை அதுக்குள்ள போட்டது யாருடி?” என்றார்.

கடைசி வரிசையில் நாங்கள் இருவரும் காதே கேளாதவர்கள்போல் அமர்ந்திருந்தோம்.