நமது இல்லங்களில் உணவு வகை குறைவதேன்?

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், கணக்குப் புத்தகங்களை மூடிய பின்னர், அங்கத்தினர்களிடம் நாம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "நேற்று தங்கள் இல்லத்தில் என்ன உண்டார்கள்?" தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் கிடைக்கும் விடை, "சோறும் ரசமும்" என்பதே. மரவள்ளி விற்ற பணம் கையிலுள்ள வீட்டிலும் இதே விடை வருவதால், வறுமை ஒன்றே காரணமன்று என்பது தெளிவு.

ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுமுறை ஒன்று உணவுப் பொருள்களைப் பத்துப் பிரிவுகளாக வகுக்கிறது. தானியமும் கிழங்கும், பருப்பு, கொட்டையும் வித்தும், பால், இறைச்சியும் மீனும், முட்டை, கரும்பச்சைக் கீரை, வைட்டமின் ஏ மிகுந்த காய்கனி, ஏனைய காய், ஏனைய கனி என்பன அவை. ஒரு நாளில் இவற்றுள் ஐந்தையேனும் உண்ட பெண்மணியே போதிய வகை பெற்றவராகக் கருதப்படுவார். அரிசி, கேழ்வரகு, மரவள்ளி மூன்றும் இதில் ஒரே பிரிவு என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

வகையை நிர்ணயிக்கும் காரணங்களில் முதலாவது நிலம். கேழ்வரகின் ஊடே அவரையும் மொச்சையும் விதைத்த கொல்லை, களியுடன் குழம்புக்கும் வழி செய்தது. சேகோ ஆலைக்கு மரவள்ளி மட்டும் பயிரிடும் கொல்லை பணம் தரும்; குழம்புக்குக் காய் தராது.

இரண்டாவது, பணம் வரும் காலம். மரவள்ளிப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பழங்கடனுக்குப் போய்விடுகிறது. வாரக் கூலி பெறும் நெசவாளருக்கோ நிலமில்லை. சந்தை தொலைவாயின், வாங்கிய காய் இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, இல்லத்தரசியின் நேரமும் செலவில் அவருக்குள்ள உரிமையும். பகலெல்லாம் களையெடுத்தோ தார் சுற்றியோ திரும்புபவர் கீரை ஆய்ந்து சமைக்க நேரம் ஏது?

2011 ஜூன் முதல் நியாய விலைக் கடைகளில் வழங்கப்படும் விலையில்லா அரிசி பசியைத் தணித்தது. அதைக் குறை கூறலாகாது. 2023-இல் நமது மாவட்டத்திலும் நீலகிரியிலும் அரிசியில் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கும் திட்டமும் துவங்கிற்று. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துண்டு. தீட்டிய அரிசியில் சுமார் 10 மில்லிகிராமே. ஆயினும் பருப்பும் கீரையும் சேராதவரை வகை கூடாது.

ஆதலின் அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை சில. பால் முழுவதையும் சங்கத்திற்கு ஊற்றிவிடாமல், குழந்தைக்கும் தாய்க்கும் ஆளுக்கொரு தம்ளர் முதலில் எடுத்து வையுங்கள். கொல்லையில் சில சால் அவரை விதையுங்கள். நெசவாளர் இல்லத்திலும் கழுவிய நீர் பாயுமிடத்தில் ஒரு முருங்கை நிற்கலாம். அதன் கீரையை உருவ அதிக நேரம் வேண்டாம். விற்ற நிலக்கடலையில் ஒரு படி வீட்டில் தங்கட்டும்.

மறுமுறை வருங்கால் அதே கேள்வியைக் கேட்போம். விடையில் ஐந்து பிரிவுகள் இருக்கட்டும்.