பாய் நனைவது பிள்ளையின் பிழையல்ல

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அயல்வீட்டுக்கும் சொல்லுவோம். இருமல் என்றால் ஊரெல்லாம் கைமருந்து கேட்போம். ஆனால் ஏழு, எட்டு வயதுப் பிள்ளை நித்திரையில் சலம் போகிறது என்பதை மட்டும் சொந்தச் சகோதரிக்கும் மறைப்போம். மறைக்க முடியாமல் போகும் நாளில் கோபம் முழுவதும் பிள்ளையின் முதுகில் இறங்கும். வீட்டுத் தரிசிப்புக்குப் போகும் இடங்களில் தாய்மார் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் விடயங்களில் இதுவும் ஒன்று. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியும், இதற்கு உதவும் ஒரு சிறிய அலாரத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது?

எந்தப் பிள்ளையும் வேண்டுமென்று பாயை நனைப்பதில்லை. இரவில் சலம் குறைவாக ஊறும்படி எமது மூளை ஒரு ஹோர்மோனைச் சுரக்கிறது. சில பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு பிந்தியே அமைகிறது. சிலருக்குச் சலப்பை சிறிதளவே தாங்கும். இவர்களில் பலருக்குச் சலப்பை நிறைந்த செய்தி போனாலும் மூளை விழிப்பதில்லை. மலச்சிக்கல் இருந்தால் குடல் சலப்பையை நெருக்கி நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

ஐந்து வயதுக்கு முன் இதை ஒரு குறைபாடாகவே வைத்தியர்கள் கருதுவதில்லை. ஏழு வயதில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு இது இருக்கும். ஆண்டுதோறும் இவர்களில் நூற்றுக்கு 15 பேரளவில் தாமாகவே மாறி வருவர். பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. தாய் தந்தையரில் ஒருவருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வரலாம். இருவருக்கும் இருந்திருந்தால் நால்வரில் மூவருக்கு வரலாம்.

இரண்டு வகையை வேறாகப் பார்க்க வேண்டும்

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் அறிந்த ஒரு தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கணவர் கட்டாரில். பத்து வயது மகன் பிறந்ததிலிருந்து ஒரு மாதமேனும் தொடர்ந்து நனையாத பாயில் எழும்பியதில்லை. தாய் என்னிடம் கேட்டார்: "நான் பங்கருக்குள்ள கிடந்து பயந்த பயம்தானோ மிஸ், இவனுக்கும் வந்தது?"

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. 2009ஆம் ஆண்டு, 13 வயதில், முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளம் முகாமுக்கு வந்த பின் அவரும் கூடாரத்துக்குள் நித்திரையில் சலம் போயிருக்கிறார். அதற்குச் சித்தியிடம் அடியும் வாங்கியிருக்கிறார். அதற்கு முன் பல வருடங்களாக அவருக்கு அந்தப் பிரச்சினை இருக்கவில்லை.

தாய்க்கு நடந்ததும் மகனுக்கு நடப்பதும் ஒன்றல்ல. ஆறு மாதத்துக்கு மேல் நனையாமல் இருந்த பிள்ளை மீண்டும் சலம் போகத் தொடங்கினால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கக்கூடும். பயம், இழப்பு, இடமாற்றம், சலத்தொற்று, நீரிழிவு, சில வேளை துஷ்பிரயோகம். அப்படியான பிள்ளையிடம் "என்ன நடந்தது?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும். துஷ்பிரயோகச் சந்தேகம் இருந்தால் சிறுவர் உதவிச் சேவையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

மகனோ ஒருபோதும் தொடர்ந்து நனையாமல் இருந்ததில்லை. பிறகு அப்பம்மாவிடம் விசாரித்தபோது, பிள்ளையின் தகப்பனும் பத்து வயது வரை இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதைக் கேட்ட தாய் அழுதுவிட்டார். பத்து வருடமாகத் தன் யுத்த காலப் பயத்தின் மீது அவர் போட்டு வைத்திருந்த பழி அன்றுதான் இறங்கியது.

அலாரம் செய்வது என்ன?

இதன் தொடக்கம் சுவையானது. ஒஸ்திரியாவில் பிறந்த பவுண்ட்லர் என்ற சிறுபிள்ளை வைத்தியர், 1904இல், படுக்கை நனைந்ததும் தாதியருக்குத் தெரியட்டும் என்று ஒரு மின்மணியை வைத்தார். தாதியருக்காக வைத்த மணியால் பிள்ளைகள் நனைப்பதை நிறுத்துவது தெரியவந்தது. 1938இல் அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதியினர் இதை ஒரு சிகிச்சை முறையாக எழுதி வெளியிட்டனர்.

இப்போது கிடைக்கும் அலாரம் தீப்பெட்டி அளவானது. ஈரத்தை உணரும் சிறு துண்டு பிள்ளையின் உள்ளாடையில் பொருத்தப்படும். மணி தோள் பக்கச் சட்டையில் கொழுவப்படும். சலத்தில் உப்பு இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். முதற்துளி பட்டதும் சுற்று இணைந்து மணி அடிக்கும். சிறிய பற்றரியில் இயங்குவதால் மின் தாக்கும் என்று பயப்படத் தேவையில்லை. இரவுக்கு இரவு, சலப்பை நிறைவதையும் விழிப்பதையும் பிள்ளையின் மூளை சேர்த்துப் பழகிக்கொள்கிறது. அலாரத்தைப் பாவிக்கும் பிள்ளைகளில் மூவரில் இருவரளவில் சிகிச்சைக் காலத்தில் நனைப்பதை நிறுத்துகின்றனர். சிலருக்குத் திரும்பவும் வரும். அவர்களுக்கு மீண்டும் தொடங்கலாம்.

நித்திரை முறிப்பது யார்?

அந்த மகனுக்குத் தரம் 6இலிருந்து நகரத்து விடுதியில் தங்கிப் படிக்க இடம் கிடைக்கும் வாய்ப்பு இருந்தது. நனைக்கும் பிள்ளையை விடுதியில் வைத்திருக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். லண்டனிலுள்ள மச்சாள் அலாரம் ஒன்றை அனுப்பி வைத்தார்.

முதல் இரவு மணி அடித்தபோது வீட்டில் எல்லோரும் எழும்பினார்கள், மகனைத் தவிர. அம்மம்மா பதறி எழுந்து வாசலுக்கே ஓடிவிட்டார். திடீர்ச் சத்தம் எங்கள் பெண்களில் பலருக்கு என்ன செய்யும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மறுநாள் பகலில் ஒரு துளி உப்புத் தண்ணீர் விட்டு, மணியை எல்லோருக்கும் பல தடவை அடித்துக் காட்டினார்கள். அதன் பின் அம்மம்மாவுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. சத்தத்துக்குப் பதிலாக அதிரும் வகைகளும் உள்ளன.

இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். மணி அடித்தும் பிள்ளை எழும்பவில்லை, ஆகவே சரிவராது என்று பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். ஆரம்ப வாரங்களில் மணி எழுப்புவது தாயைத்தான். தாய் பிள்ளையை எழுப்ப வேண்டும். முகத்தைக் கழுவி நன்றாக விழித்த பிறகு, மணியைப் பிள்ளையே நிறுத்தி, மலசலகூடம் போய், உடுப்பு மாற்றி, அலாரத்தைத் திரும்பப் பொருத்திவிட்டுப் படுக்க வேண்டும். அரை நித்திரையில் தூக்கிக்கொண்டுபோய் விடுவதால் அன்றைக்குப் பாய் நனையாது. ஆனால் பிள்ளை எதையும் பழகாது.

காலை ஐந்தரைக்கு பஸ் பிடிக்கும் ஒரு பெண் தினமும் இப்படி எழும்ப முடியுமா? அந்த வீட்டில் வேலை நாட்களில் அம்மம்மாவும் லீவு நாட்களில் தாயும் என்று பங்கிட்டுக் கொண்டார்கள். மூன்றாவது வாரத்தில் நனையும் அளவு குறைந்தது. மணி அடிக்கும் நேரமும் விடியற்பக்கமாகப் பிந்தியது. இவை நல்ல அறிகுறிகள். ஐந்தாவது வாரத்தில் மகன் தானே விழித்தான். பதினோராவது வாரத்தில் தொடர்ந்து 14 இரவுகள் பாய் நனையவில்லை. அதன் பின் படுக்கும் முன் சிறிது கூடுதலாகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். இது திரும்ப வராமல் இருக்கச் செய்யும் பயிற்சி. இரண்டு இரவு நனைந்தது, பிறகு நின்றது. இந்த வருடம் அவன் விடுதியில் தங்கிப் படிக்கிறான்.

தொடங்க முன் கவனிக்க வேண்டியவை

முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். பகலிலும் நனைதல், சலம் போகும்போது நோ, அதிக தாகம், மெலிதல், பலத்த குறட்டை, மலச்சிக்கல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அலாரம் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பொருளல்ல. ஆஸ்பத்திரியின் சிறுவர் கிளினிக்கில் கேளுங்கள். வெளிநாட்டு உறவினர் ஏதும் அனுப்பட்டுமா என்று கேட்டால் இதைச் சொல்லலாம். சலம் ஊறுவதைக் குறைக்கும் மருந்தும் உண்டு. அதை வைத்தியர் சொன்னபடி மட்டுமே கொடுக்க வேண்டும். நிறுத்தியதும் பலருக்குத் திரும்ப வரும்.

பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். பின்னேரத்துக்குப் பின் தேநீர், கோலா வேண்டாம். படுக்க முன் சலம் போக வையுங்கள். மலசலகூடம் வளவின் மூலையில் என்றால் ரோச் லைற்றைப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்து, நீங்களும் கூடப் போங்கள். இருட்டுக்குப் பயந்து எழும்பாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெக்கை நாட்களில் வியர்வைக்கும் மணி அடிக்கும். உள்ளாடைக்கு மேல் இன்னொன்றை உடுத்தி, இரண்டுக்கும் இடையில் துண்டைப் பொருத்தினால் இது குறையும்.

மாரி மழையில் தொடங்க வேண்டாம். உடுப்புக் காயாமல் நீங்களே களைத்துப் போவீர்கள். தை, மாசி பிறந்தபின் தொடங்குங்கள். இரண்டு, மூன்று மாதம் இரவில் எழும்ப உங்களுக்கு உடம்பும் துணையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சில மாதம் பிந்தித் தொடங்குவதில் தவறில்லை. தொடங்கினால் 14 இரவு கணக்கு முடியும்வரை விடாதீர்கள். நனையாத நாளுக்குப் பரிசு கொடுப்பதைவிட, மணி கேட்டு எழும்பியதற்குப் பாராட்டுங்கள். எழும்புவது பிள்ளையின் முயற்சி. நனைவது அதன் கையில் இல்லை.

தாய்மாரே, அடித்து எந்தப் பிள்ளையின் மூளையையும் நித்திரையில் விழிக்கப் பழக்க முடியாது. கூடாரத்துக்குள் ஈர உடுப்போடு அடிவாங்கிய பிள்ளைகள் இன்று நீங்களே தாய்மாராக இருக்கிறீர்கள். அந்த அடியின் வலி உங்களுக்குத் தெரியும். அது உங்களோடு முடியட்டும்.