மிருதங்க ஒலிப்பதிவு

மிருதங்க ஒலிப்பதிவு என்பது மிருதங்கத்தின் இரு முகங்களிலிருந்தும் எழும் ஒலியை ஒலிவாங்கிகளின் துணையுடன் பதியும் முறையாகும். எவ்வகை ஒலிவாங்கியைத் தேர்வது, அதனை எவ்வளவு தொலைவில், எக்கோணத்தில் நிறுத்துவது என்பனவே இதில் எழும் முதன்மையான கேள்விகள். தாள வாத்தியங்களை ஒலிவாங்கியில் பதிவது பற்றிய நூல்கள் பெரும்பாலும் மேற்கத்திய டிரம்ஸ் தொகுதியின் ஸ்னேர் டிரம்மை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றின் விதிகளுள் சில மிருதங்கத்துக்கும் பொருந்தும். சில சிறிதும் பொருந்தா.

சென்னையின் பெயர்பெற்ற ஒலிப்பதிவுக் கூடங்கள் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் அமைந்தவை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற தென்புறநகர்களில் மிருதங்கம் பயிலும் மாணவர் ஒருவர் தம் வீட்டு அறையிலேயே பதிவு செய்வதாயின், கருவியின் இயற்பியலோடு சுற்றுப்புற இரைச்சலையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

கருவியின் இயல்பு

சீராக இழுத்துக் கட்டப்பட்ட வட்டத் தோல் ஒன்றைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள், அடிப்படை அதிர்வெண்ணின் 1.59, 2.14, 2.30, 2.65 மடங்குகள் என்றவாறு அமைகின்றன. இவை முழு எண் மடங்குகள் அல்ல. ஆதலால் பெரும்பாலான முரசுகளில் தெளிவான சுருதி கேட்பதில்லை. ஸ்னேர் டிரம்மில் கீழ்த்தோலோடு ஒட்டி நிற்கும் கம்பிச் சுருள்கள் இவ்வொலியின் மேல் இரைச்சலையும் சேர்க்கின்றன. அவ்விரைச்சலே அக்கருவியின் அடையாளம்.

மிருதங்கத்தின் வலந்தலை இதற்கு நேர்மாறானது. அதன் நடுவில் இடப்படும் கரிய கரணை, தோலின் எடையை மையத்தில் கூட்டி மேற்சுரங்களை ஏறத்தாழ முழு எண் மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது. இதனைச் சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 1920 இல் நேச்சர் இதழில் விளக்கினார். பின்னர் இந்திய அறிவியல் கழக இதழில் விரிவான கட்டுரையும் எழுதினார். இடந்தலையில் வாசிப்பதற்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவதால் அதன் ஒலி தாழ்ந்து கனக்கிறது.

ஆக, ஸ்னேர் பதிவில் தேடப்படுவது அடியின் கூர்மை. மிருதங்கப் பதிவில் தேடப்படுவது அடியோடு சுருதியும் கார்வையும். 'நம்', 'தின்', 'சாப்பு' ஆகியவற்றுக்கிடையேயுள்ள வேறுபாடு மேற்சுரங்களில் உள்ளது. இடந்தலையை மணிக்கட்டால் அழுத்தி எழுப்பும் கும்கி மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் நகர்கிறது. தவறான இடத்தில் வைத்த ஒலிவாங்கி இவற்றுள் ஒன்றையேனும் அழித்துவிடும். பின்னர் எந்த மென்பொருளாலும் அதை மீட்க இயலாது.

ஒலிவாங்கித் தேர்வு

ஸ்னேர் டிரம்முக்கு உலகெங்கும் பயன்படுவது 1965 இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்57 என்னும் இயங்குசுருள் ஒலிவாங்கி. விலை குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் பழுதாகாது, மின்னூட்டம் தேவையில்லை. மிருதங்கத்தின் வலந்தலைக்கும் இது போதுமானதே. எனினும் விரல் நுனியின் மென்மையான அடிகளையும் உயர் மேற்சுரங்களையும் கண்டென்சர் வகை ஒலிவாங்கிகள் இன்னும் நுட்பமாகப் பதிகின்றன. சிறு சவ்வுள்ளவை இதற்கு ஏற்றவை. இவற்றுக்கு ஒலிப்பதிவு இடைமுகத்திலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் வழங்கப்பட வேண்டும். ஆனால் கண்டென்சர் அறையின் மின்விசிறி ஓசையையும் அதே நுட்பத்தோடு பதிந்துவிடும். ஒலித்தடுப்பு இல்லாத அறையில் எளிய இயங்குசுருள் வகையை அருகில் வைப்பதே பல வேளைகளில் நல்ல முடிவாகிறது.

இடந்தலைக்குத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைக்காத ஒலிவாங்கி வேண்டும். திசைசார் ஒலிவாங்கிகள் ஒலிமூலத்தை நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலிகளை மிகைப்படுத்தும் இயல்புடையவை. இதனைச் சற்றே பயன்படுத்திக்கொள்ளலாம். அளவு மீறினால் இடந்தலை வெறும் 'தொம்' 'தொம்' என்ற முழக்கமாகிவிடும்.

இடமும் தொலைவும்

ஸ்னேர் டிரம்மில் ஒலிவாங்கியை விளிம்புக்கு மேலே 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் மையத்தை நோக்கிச் சாய்த்து வைப்பது வழக்கம். சுற்றியுள்ள சிம்பல்களின் ஒலி புகாதிருப்பதற்காகவே இத்தனை நெருக்கம். தனியாக வாசிக்கப்படும் மிருதங்கத்துக்கு இந்நெருக்கம் தேவையில்லை, தீங்கும் விளையும்: தோலின் ஒரு பகுதி மட்டுமே கேட்கும், விரல் படும் 'டக்' ஒலி மிகும். தோலின் விட்டத்தோடு ஒப்பிடத்தக்க தொலைவுக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு சாண் தள்ளி வைத்தால் முழு முகமும் சேர்ந்து ஒலிக்கும். கை அசைவுக்கும் இடம் கிடைக்கும்.

இரு ஒலிவாங்கிகளைப் பயன்படுத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது. கருவியின் நீளத்தை 58 செ.மீ. எனவும் ஒலிவாங்கிகள் முகங்களிலிருந்து 20 செ.மீ. தள்ளியுள்ளன எனவும் கொள்வோம். இடந்தலையின் ஒலி தன் ஒலிவாங்கிக்கு 20 செ.மீ. பயணிக்கிறது, வலப்புற ஒலிவாங்கிக்கு ஏறத்தாழ 78 செ.மீ. சென்னையின் 30 பாகைச் செல்சியசு வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் என்பதால் இரண்டுக்கும் இடையே 1.7 மில்லிநொடி வேறுபாடு உண்டாகும். இரு பதிவுகளையும் ஒன்றாகக் கலக்கும்போது 300 எர்ட்சு அருகே ஒலி ஓரளவு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். நல்வாய்ப்பாக, தொலைவில் வரும் ஒலி 12 டெசிபெல் குறைந்திருப்பதால் இழப்பு 2.5 டெசிபெல் அளவே. ஒலிவாங்கிகளை 50 செ.மீ. தள்ளினால் இழப்பு 5 டெசிபெலைத் தாண்டும். அப்போது ஒரே ஒலிவாங்கியைக் கருவிக்கு முன்னே நடுவில் வைப்பது மேல்.

முனைமை மாற்றம் பற்றியும் அறிந்திருத்தல் நலம். ஸ்னேரின் மேல்தோல் உள்நோக்கி நகரும்போது கீழ்த்தோல் வெளிநோக்கி நகர்வதால், கீழ் ஒலிவாங்கியின் முனைமையைத் திருப்புவர். மிருதங்கத்திலும் உட்காற்றின் வழியாக ஒரு முகம் மற்றதை அசைக்கிறது. ஆயினும் இங்கு இரு முகங்களும் தனித்தனியே தட்டப்படுவதால் நிலையான விதி கூற இயலாது. ஒற்றைத் தடத்தில் கலந்து, முனைமையை மாற்றி மாற்றிக் கேட்டு, இடந்தலை எதில் நிறைவாக ஒலிக்கிறதோ அதனைக் கொள்வதே வழி.

தென்புறநகர்ச் சூழல்

சென்னை கடற்கரை – தாம்பரம் மின்தொடர்வண்டித் தடம் 1931 முதல் இயங்குகிறது. அதை ஒட்டியே ஜி.எஸ்.டி. சாலையும் செல்கிறது. திரிசூலம், பல்லாவரம் வட்டாரத்தில் விமானங்கள் தாழப் பறக்கின்றன. இவற்றின் தாழ்ந்த உறுமல் இடந்தலையின் வரம்பிலேயே விழுவதால், அதை வடிகட்ட முனைந்தால் கும்கியும் சேர்ந்து போய்விடும். ஓசை அடங்கிய நேரத்தைத் தேர்வதைவிடச் சிறந்த வடிகட்டி இல்லை. வெற்றுச் சுவரும் கல் தரையும் கொண்ட அறைகளில் எதிரொலி மிகுதி. சமுக்காளமும் சுவரோரம் நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தையும் உயர் அதிர்வெண் எதிரொலியைக் கணிசமாகக் குறைக்கும். மழைக்காலத்தில் ஈரத்தால் தோல் தளர்வதால் ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் சுருதி சரிபார்க்கப்பட வேண்டும்.

2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புகள் பரவியபோது வேறொரு இடர் தெரியவந்தது. பேச்சுக்கென அமைந்த காணொளி உரையாடல் செயலிகள் மிருதங்க ஒலியை இரைச்சலாகக் கருதி அடக்கிவிடுகின்றன. இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கு ஒலியளவையும் அணைத்த பின்னரே கார்வை மறுமுனைக்குச் சென்று சேரும்.

ஒலிவாங்கி குறித்த கருத்து வேறுபாடு

எல்லாக் கலைஞரும் ஒலிவாங்கியை வரவேற்றனர் எனக் கூற இயலாது. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தம் பிற்காலத்தில் கச்சேரிகளில் ஒலிபெருக்கியின்றி வாசிப்பதையே வலியுறுத்தினார். கருவியின் இயல்பான நாதம் ஒலிபெருக்கியால் கெடுகிறது என்னும் அக்கருத்து, பதிவு செய்வோர் இன்றும் தம் பதிவை நேரில் கேட்ட ஒலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான காரணங்களுள் ஒன்று.