முசுறு காக்கும் முந்திரி

முந்திரி தளிர்விட்டுப் பூக்கும் பருவத்தில் தோப்புக்காரர்கள் அஞ்சுவது தேயிலைக் கொசுவுக்கு. பெயரில்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. இளந்தளிரிலும் பூங்கொத்திலும் ஊசிவாயைச் செருகும். எச்சில் பட்ட இடம் கருகிக் காயும். பூங்கொத்து கருகினால் காய்ப்பு ஏது?

இந்தப் பூச்சியை ஒழிக்கத்தான் கேரளத்தின் காசர்கோட்டில், அரசுக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள்மீது 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். தோட்டங்களை ஒட்டியே ஊர்கள் இருந்தன. பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் பெருகியதாக மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். உச்ச நீதிமன்றம் 2011இல்தான் நாடு முழுவதும் தடை விதித்தது.

அதே பூச்சியைக் கூலி கேட்காமல் வேட்டையாடும் உயிர் ஒன்று நம் மா, முந்திரி மரங்களிலேயே குடியிருக்கிறது: முசுறு எறும்பு. மரமேறிக் கடி வாங்கியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அது கூடு கட்டும் விதம் விந்தையானது. சில எறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்து நெருக்கும். வேறு சில, தம் கூட்டத்துப் புழுக்களை வாயில் கவ்வி வந்து, தறியில் ஓடத்தை ஓட்டுவதுபோல விளிம்புக்கு விளிம்பு மாற்றி மாற்றித் தொடவைக்கும். பட்டிழை சுரப்பது புழு மட்டுமே. வளர்ந்த எறும்புக்கு அது வராது.

முந்திரி இலையிலும் பூங்கொத்திலும் தேன் சுரப்பிகள் உண்டு. அதைத் தேடி முசுறு ஓயாமல் கிளைகளில் சுற்றுவதால் தேயிலைக் கொசுவால் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. சீனத்தில் ஆரஞ்சு மரங்களுக்கு முசுறுக் கூடுகளைச் சந்தையில் விற்றதை, பொ.ஆ. 304ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் நூல் குறிப்பிடுகிறது. முசுறை வைத்துப் பூச்சியை அடக்கும் இந்த வழியை வடக்கு ஆஸ்திரேலிய முந்திரித் தோப்புகளில் ஆராய்ச்சியாளர்கள் முறைப்படுத்தினார்கள்.

சூட்சுமம் எறும்பின் அரசியலில் இருக்கிறது. ஒரே கூட்டம் பல மரங்களை ஆளும். இரு கூட்டங்கள் சந்தித்தால் போர்தான். சண்டையில் இரண்டும் இளைக்க, பூச்சி திரும்பிவிடும். ஆகவே ஒரே கூட்டத்தின் மரங்களைக் கயிறு கட்டி இணைக்க வேண்டும். இரு கூட்டங்களின் எல்லையில் உரசும் கிளைகளைக் கழிக்க வேண்டும். கூட்டத்தை இடம் மாற்றினால் ராணியும் கூடவே வந்தாக வேண்டும்.

குறைகளும் உண்டு. இனிப்புக் கழிவுக்காக முசுறு மாவுப்பூச்சியைப் பேணும். மாவுப்பூச்சி உள்ள இடத்தில் மட்டும் சோப்புக் கரைசல் தெளித்தால் போதும். தண்டு துளைப்பானிடம் முசுறின் ஜம்பம் பலிக்காது. மரத்தின் அடியில் துளையும் சக்கையும் தென்படுகின்றனவா என்று நாம்தான் பார்க்க வேண்டும். ஆனால் பூக்கும் பருவத்தில் மருந்து டப்பாவைத் திறக்குமுன் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். முசுறுக் கூடுகள் நிறைய இருந்தால், டப்பாவை மூடிவிடுங்கள்.