நிலாவைச் சுருக்கும் லென்ஸ்

தொலைநோக்கி எதற்கு? தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்ட. இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆசை ஆசையாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் சிலர், அதற்குள் பிம்பத்தைச் சின்னதாக்கும் ஒரு லென்ஸையும் தேடிப்பிடித்து மாட்டுகிறார்கள். அதன் பெயர் ஃபோகல் ரெட்யூசர். பெரிதாக்கும் கருவிக்குச் சிறிதாக்கும் லென்ஸ் எதற்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பிள்ளைகளே. ஒரகடத்தில் ஒரு மொட்டைமாடி. அங்கே 8 அங்குல ஷ்மிட்-காசெக்ரெய்ன் தொலைநோக்கி ஒன்று நிற்கிறது. அதன் குவியத்தொலைவு 2,032 மில்லிமீட்டர். தொலைநோக்கிக்குள் நிலாவின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. குவியத்தொலைவை 110-ஆல் வகுத்தால் போதும். இங்கே சுமார் 18 மி.மீ. வரும்.

இப்போது கண்ணுக்குப் பதில் கேமராவைப் பொருத்துகிறோம். பல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் படம் பதியும் சென்சார் ஏறக்குறைய 22 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம்தான். 18 மி.மீ. நிலா 15 மி.மீ. உயரத்துக்குள் எப்படி அடங்கும்? மேலும் கீழும் வெட்டுப்படும்.

0.63 மடங்கு ரெட்யூசரை மாட்டுங்கள். குவியத்தொலைவு 1,280 மி.மீ. ஆகிவிடும். நிலாவின் பிம்பமும் சுமார் 11.6 மி.மீ. ஆகச் சுருங்கும். முழு நிலா படத்துக்குள் வந்துவிடும், சுற்றிலும் கொஞ்சம் வானமும் மிஞ்சும்.

இந்த லென்ஸ் என்ன மாயம் செய்கிறது? மாயம் ஒன்றும் இல்லை. இது ஒரு குவிலென்ஸ். தொலைநோக்கியிலிருந்து வரும் ஒளிக்கற்றை குவியப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் இது குறுக்கே நிற்கிறது. ஏற்கெனவே குவிந்துகொண்டு வரும் ஒளியை இன்னும் வேகமாகக் குவிக்கிறது. அதனால் பிம்பம் முன்னதாகவே, சிறியதாக விழுகிறது. பார்லோ லென்ஸ் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது குழிலென்ஸ், நேர் எதிர் வேலை செய்து பிம்பத்தைப் பெரிதாக்கும்.

பிம்பம் சுருங்கினால் இன்னொரு லாபமும் கிடைக்கும். ஒரு கரண்டி மாவைக் கல் முழுக்க இழுத்துவிட்டால் மெல்லிய தோசை. அதே மாவைச் சின்ன வட்டமாக ஊற்றினால் கனத்த ஊத்தப்பம். தொலைநோக்கி வாங்கும் ஒளியின் அளவு மாறவில்லை. அது சின்ன இடத்தில் விழுவதால் பிம்பம் பளிச்சென்று ஆகிறது. நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 60 விநாடி எடுக்க வேண்டிய நெபுலா (விண்வெளி மேகம்) படத்துக்கு 24 விநாடி போதும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் நடக்கும் தொழிற்சாலைகள், நெடுஞ்சாலை விளக்குகள் எல்லாம் சேர்ந்து வானத்தையே வெளுக்க வைக்கின்றன. ரெட்யூசருக்கு நெபுலாவின் ஒளி, விளக்கின் ஒளி என்ற பேதம் தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரிதான் திரட்டும். ஆகவே மங்கலான நெபுலாவை எடுக்க ஜவ்வாது மலை போன்ற இருண்ட இடத்துக்குப் போவதே நல்லது. மொட்டைமாடியில் நிலாவையும் பிரகாசமான விண்மீன் கூட்டங்களையும் தாராளமாக எடுக்கலாம்.

வேறு சில தொல்லைகளும் உண்டு. அதிகமாகச் சுருக்கினால் படத்தின் மூலைகள் இருட்டடிக்கும்; ஓரத்து விண்மீன்கள் புள்ளியாக இல்லாமல் வால் முளைத்தது போல் இழுபடும். லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி மாறினால் சுருக்கும் அளவும் மாறிவிடும். கண்ணால் மட்டும் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ரெட்யூசர் தேவைப்படாது. கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸில், குறைவாகப் பெரிதாக்கும் ஒன்றை மாற்றிக்கொண்டாலே அகன்ற வானம் தெரியும்.

பிம்பம் சென்சாருக்குள் அடங்காத இந்தச் சிக்கல் பெரிய விஞ்ஞானிகளுக்கும் வந்தது. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் ஆடி கொண்ட ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது அது. பெங்களூரு அருகே உள்ள ஹொஸ்கோட்டையில் உட்கார்ந்தபடி, செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள்.

அதன் குவியத்தொலைவு 18 மீட்டர். 110-ஆல் வகுத்துப் பாருங்கள்: நிலாவின் பிம்பம் 16 சென்டிமீட்டருக்கும் மேல்! கேமராச் சில்லில் (சென்சாரில்) படத்துக்குப் பயன்படும் பகுதியோ சுமார் 3 செ.மீ. சதுரம். அதனால் அங்கே எச்.எஃப்.ஓ.எஸ்.சி. என்ற கருவி பிம்பத்தை 0.58 மடங்காகச் சுருக்குகிறது. இல்லாவிட்டால் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் சில்லில் விழும். இப்போது மூன்றில் ஒரு பங்கு விழுகிறது. மொட்டைமாடியில் நடப்பதும் ஹான்லேயில் நடப்பதும் ஒரே ஒளியியல்தான்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு பூதக்கண்ணாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் ஜன்னலுக்கு எதிரே, அறையின் மறுபக்கம் நின்று, முதல் கண்ணாடியால் ஜன்னலின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழச் செய்யுங்கள். தலைகீழாகத் தெரியும். இனி இரண்டாவது கண்ணாடியை, முதல் கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவில் பிடியுங்கள். பிம்பம் கலைந்துவிடும். அட்டையை மெல்லக் கண்ணாடியை நோக்கி நகர்த்துங்கள். பழைய அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காக, முன்னைவிடப் பளிச்சென்று ஜன்னல் மறுபடி தெரியும். நீங்களே செய்த ஃபோகல் ரெட்யூசர் அது!

எச்சரிக்கை: சூரியனை நோக்கி எந்த லென்ஸையும் நீட்டாதீர்கள். கண் போகும், காகிதம் தீப்பற்றும்.

கணக்குப் புதிர்

குவியத்தொலைவு 1,100 மி.மீ. உள்ள தொலைநோக்கியில் 0.5 மடங்கு ரெட்யூசர் மாட்டினால், நிலாவின் பிம்பம் எத்தனை மி.மீ.? பிரகாசம் எத்தனை மடங்கு கூடும்?

விடை: 5 மி.மீ.; 4 மடங்கு.