ஆயிரம் டிகிரி அட்டகாசம்!

களிமண்ணைப் பிசைந்து ஒரு கப் செய்வது ஒரு வார விஷயம், பாஸ். அது கப்பா, வெறும் மண்ணா என்று முடிவு பண்றது சூளைதான். ஊர்ப்பக்கம் மாதிரி விறகு அடுக்கிச் சுடலாம்னு மொட்டை மாடியில் ஆரம்பித்தால், எதிர்வீட்டு ஆன்ட்டி ஃபயர் சர்வீஸுக்கே போன் போட்டுடுவாங்க. நமக்கு எலெக்ட்ரிக் கில்ன்தான் சரி!

புதுசு வாங்க பாக்கெட் மணி பத்தாது. கம்ப்யூட்டர் கன்ட்ரோல் எல்லாம் இல்லாமல் லோ, மீடியம், ஹைன்னு ஸ்விட்ச் மட்டும் இருக்கிற பழைய மாடல் போதும். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் ஆரம்பித்த கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி புதுச்சேரியில்தான் இருக்கு. அதனால் அந்தப் பக்கத்துப் பானைக் கலைஞர்களிடம் விசாரிக்கத் தொடங்குங்க.

உள்ளே செங்கல்லில் மெல்லிய விரிசல் இருந்தால் பயம் வேண்டாம். கம்பிச் சுருளைத்தான் உற்றுப் பார்க்கணும். பழசாக ஆக அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும். வோல்ட் ஸ்கொயர் பை ஆர்... ஃபர்ஸ்ட் இயரில் தூங்கிக்கிட்டே எழுதினோமே, அதேதான்! ரெசிஸ்டன்ஸ் 10 சதவிகிதம் ஏறினால் பவர் சுமார் 9 சதவிகிதம் இறங்கிடும். அப்புறம் ராத்திரி முழுக்க ஓடினாலும் சூடு எட்டாது. மெயின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, லேப் மல்டிமீட்டரால் அளந்து பார்த்துட்டு விலை பேசுங்க.

6 கிலோவாட் கில்ன்னா 230 வோல்ட்டில் 26 ஆம்ப் இழுக்கும். ஏ.சி. மாட்டுற 16 ஆம்ப் சாக்கெட் உருகிடும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன், எம்.சி.பி., எர்த் போட்டே ஆகணும். ஹாஸ்டல் ரூமா? கனவுலகூட வேண்டாம்!

இப்போ சுடலாம். பச்சை மண் கப்பைக் கன்னத்தில் வைத்துப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். போக வழி இல்லேன்னா கப் வெடித்து, பக்கத்துக் கப்பையும் சேர்த்துக் காலி பண்ணிடும். அதனால் முதல் சில மணி நேரம் லோவில் மட்டும் ஓடட்டும், மூடியைக் கொஞ்சம் திறந்தே வைங்க. பார்க்கிற ஓட்டைக்கு நேரே ஒரு கண்ணாடியைக் காட்டுங்க. ஆவி படிந்தால் இன்னும் காத்திருக்கணும். ஜன்னல்களும் திறந்தே இருக்கட்டும், நெடி வரும்.

573 டிகிரியில் மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் திடீர்னு விரியும். அந்த இடத்தை மெதுவாகத் தாண்டணும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் ‘டிக்’னு ஒரு சத்தம், கப் ரெண்டு.

சூட்டைக் காட்டிக்கொடுக்கிறவர் ‘கோன்’. சின்னப் பீங்கான் கூம்பு, சூடும் நேரமும் சேர்ந்து போதுமான அளவு வேலை செய்தால் வளையும். 1886-ல் ஜெர்மனியின் ஹெர்மன் சீகர் கொண்டு வந்தது. பிறகு அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் தயாரித்தார். இதில் ஒரு வில்லங்கம். 06-ம் நம்பர் கோன் வளைய சுமார் 1,000 டிகிரி, 6-ம் நம்பருக்கு சுமார் 1,220. முன்னால் இருக்கிற ஒரு பூஜ்யத்தை மறந்தால், சாதாரணச் செம்மண் கப் உருகித் தட்டோடு ஒட்டிக்கும்.

பல பழைய கில்ன்களில் ‘சிட்டர்’னு ஒன்று இருக்கும். உள்ளே கோன் வளைந்ததும் வெளியே கரண்ட்டை நிறுத்துகிற குட்டி மெக்கானிசம். சூப்பர் ஐடியாதான். ஆனா வயசானால் சிக்கிக்கும். அதை நம்பி செகண்ட் ஷோ போகாதீங்க. கடைசி சில மணி நேரம் பக்கத்திலேயே உட்காருங்க. ஓட்டை வழியா எட்டிப் பார்க்கும்போது வெல்டிங் கண்ணாடி கட்டாயம்.

ஒவ்வொரு பழைய கில்னுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்று மேலே கொதிக்கும், இன்னொன்று கீழே சோம்பும். மேல், நடு, கீழ் மூணு இடத்திலும் கோன் வைத்து, மணிக்கு மணி ஸ்விட்ச் நிலையை நோட்டில் குறிங்க. நாலைந்து சூட்டில் அதன் ஜாதகமே கைக்கு வந்துடும்.

ஆஃப் பண்ணிய பிறகு ஆற ஒரு நாள் ஆகலாம். 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது. அரியர் ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அனுபவம் இங்கே கைகொடுக்கும்!

அப்புறம், உங்க ஆளுக்காகச் செய்த ஸ்பெஷல் கப்பை முதல் சூட்டில் வைக்காதீங்க. போனாலும் கவலைப்படாத ரெண்டு டெஸ்ட் கப் போதும்.