சிறையும் துறவும்

அலிப்பூர் என்றதும் விலங்குக் காட்சிச்சாலையும் தேசிய நூலகமும் கொல்கத்தாவில் வாழும் தமிழர்க்கு நினைவு வரும். துறவின் இயல்பை ஆராயப் புகுவோர்க்கு அங்கிருந்த சிறையறை ஒன்றும் நல்ல பாடம் தருகிறது.

1908ஆம் ஆண்டு மே மாதத்தில் வெடிகுண்டு வழக்கில் கைதான அரவிந்த கோஷ் அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். ஒன்பதடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள தனியறை, இரண்டு கம்பளிகள், குளிப்பதற்கும் குடிப்பதற்கும் ஒரே கிண்ணம். அருவருப்பை வெல்ல அக்கிண்ணமே தமக்குத் துணைசெய்தது என்று, வங்காளியில் எழுதிய சிறை நினைவுகளில் அவர் நகைச்சுவையோடு குறிப்பிடுகிறார். தொடக்கத்தில் தனிமை அவர் உள்ளத்தைக் கலக்கிற்று. பின்னர்த் தியானத்தில் அமைதி கண்டார். 1909 மே 6ஆம் நாள் விடுதலை பெற்றார்.

இங்கு ஒன்றை நாம் கருதவேண்டும். அவர் இழந்தவை யாவும் அரசு பறித்தவை. அவர் துறந்தவை அல்ல. அவ்விழப்பை உள்ளம் ஏற்று, உயர்ந்த நோக்கமொன்றிற்குப் பயன்படுத்தியபோதே அது தவமாயிற்று. வெறும் இல்லாமை தவமாகாது.

சமயங்கள் பலவும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே துறவுக்கு எல்லை வகுத்தன. ஆறாண்டுகள் உடலை வருத்திய புத்தர் அதனைக் கைவிட்டு நடுவழியைக் கண்டார். சமணம் துறவிக்கு மகாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் விதித்தது. ரமலான் நோன்பை நோயாளரும் வழிப்பயணிகளும் பின்னொரு நாளில் நோற்க இஸ்லாம் இடமளிக்கிறது. கிறிஸ்தவரின் தவக்காலத்தில் நோன்போடு ஈகையும் கடமையாகும். வள்ளுவரோ தவத்திற்கு ஓரதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே போலித் துறவைக் கடிந்தார். 1910இல் புதுச்சேரிக்கு வந்து 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த அரவிந்தரும், உலகை வெறுத்து ஒதுங்குதலை முழுமையான நெறியாகக் கொள்ளவில்லை.

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நமக்கு இது ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. தம்பியின் படிப்புக்காகத் தன் செலவைச் சுருக்கி மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறவன் செய்வதும் ஒருவகை நோன்பே. ஆனால், கூலி போதாமையால் ஒருவேளை உண்டு, ஓரறையில் அறுவராய் உறங்குகிறவனைக் கண்டு, எளிய வாழ்வு வாழ்கிறான் என்று நாம் மெச்சுவது முறையன்று. அவன் எதையும் துறக்கவில்லை, அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்கு நாம் செய்யத்தக்கது, நியாயமான கூலி கிடைக்கத் துணைநிற்பதே.